சறுக்கும் வயது

குல்மார்க்கில் ஸ்கீ வாடகைக்கு எடுக்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது காலணி அளவு. அடுத்து எடை. அதற்கடுத்து உயரம். எடையில் மட்டும் இரண்டு கிலோவைக் குறைத்துக்கொண்டு, தில்லிக்காரரோ பெங்களூர்க்காரரோ சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வருவார். நான்காவது கேள்வியில்தான் சின்னத் தயக்கம். "உம்ர்?" கூட வந்த மனைவி பக்கத்திலிருந்து சரியான வயதைச் சொல்லித் தீர்க்கவேண்டியிருக்கும்.

கடைக்காரர் வம்புக்குக் கேட்கவில்லை. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்புக்கு 'பைண்டிங்' என்று பெயர். சறுக்குபவர் விழும்போது அது தானாகக் கழன்றுகொள்ளவேண்டும். கழலாவிட்டால், ஆளின் உயரம் இருக்கும் பலகை நெம்புகோலாக மாறிக் காலை முறுக்கிவிடும். போகிறது எலும்பா, முழங்கால் தசைநாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ரொம்ப எளிதில் கழன்றாலும் ஆபத்துதான். நல்ல வேகத்தில் வளையும்போது பலகை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகப் போக நேரும். ஆகவே எவ்வளவு விசைக்குக் கழலவேண்டும் என்று தீர்மானிக்க உலகம் முழுவதும் ஓர் அட்டவணை புழங்குகிறது. எடை, உயரம், பூட்ஸின் அடி நீளம், வயது. ஒன்பது வயதும் அதற்குக் கீழும் என்றால் அட்டவணை சொல்வதைவிட ஒரு படி தளர்வாக ஸ்பிரிங்கை வைக்கவேண்டும். ஐம்பதும் அதற்கு மேலும் என்றாலும் அதே ஒரு படி. பேரனும் தாத்தாவும் அங்கே ஒரே ரகம்.

அட்டவணையில் ஐந்தாவதாக இன்னொன்று உண்டு. சறுக்குபவரின் சுபாவம். மிதமான சரிவில் மெதுவாக, எச்சரிக்கையோடு போகிறவர் முதல் வகை. செங்குத்தில் வேகமாக, மூர்க்கமாகப் பாய்கிறவர் மூன்றாம் வகை. நடுவில் நிற்பவர் இரண்டாம் வகை. இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அவரவர்தான் தம்மைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் முறையாகப் பனியில் கால் வைக்கும் இருபத்திரண்டு வயது இளைஞர் தம்மை மூன்றாம் வகை என்று அறிவிப்பதும், முப்பது வருடம் சறுக்கியவர் 'ஒன்று போதும்' என்று நிறுத்திக்கொள்வதும் எல்லா நாட்டுக் கடைகளிலும் நடப்பதுதான். குல்மார்க்கில், ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் சொன்ன சுபாவத்தை மனதுக்குள்ளேயே ஒரு வகை குறைத்துக்கொண்டு ஸ்க்ரூட்ரைவரைத் திருப்பும் அனுபவசாலிகளும் உண்டு.

ஸ்ரீநகரிலிருந்து இந்த ஊர் சுமார் 50 கிலோமீட்டர். டங்மார்க் வரை பள்ளத்தாக்கின் தட்டையான சாலை. கடைசி 13 கிலோமீட்டர் ஊசியிலை மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறுகிறது. பனிக்காலத்தில் டயருக்குச் சங்கிலி மாட்டாத வண்டியை மேலே விடமாட்டார்கள். டங்மார்க்கிலேயே கம்பூட்டும் நீளக்கோட்டும் வாடகைக்குத் தொங்குகின்றன. யார் யாரோ போட்டுக் கழற்றிய அந்தக் கோட்டுக்குள் புகுந்துகொண்டு, பனியை முதல்முறை பார்க்கப்போகும் பரபரப்பில் இந்தியாவின் எல்லா மாநிலங்களும் மேலே ஏறுகின்றன. தமிழும் குஜராத்தியும் வங்காளமும் ஒரே நேரத்தில் கேட்கும்.

மேலே, 2,650 மீட்டர் உயரத்தில், அகலமான கிண்ணம்போல ஒரு புல்வெளி. கோடையில் அது 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம். பனி விழுந்ததும் அதன் ஓரத்து மேடுகள் பனிச்சறுக்கின் அரிச்சுவடிப் பள்ளியாகிவிடுகின்றன. பிரிட்டிஷ்காரர்கள் 1927-ல் இங்கே பனிச்சறுக்குக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் கட்டிய செயின்ட் மேரி தேவாலயம் இன்னும் மேட்டின்மேல் இருக்கிறது. மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் 1968-ல் வந்தது.

வயது மனிதனை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க இந்தச் சின்ன மேட்டைவிட வசதியான இடம் கிடையாது. காலை பத்து மணிக்குச் சும்மா ஓரத்தில் நின்றால் போதும். நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடப்பதே தெரியாது. பலகைகளின் முன்நுனிகளை ஒன்றுசேர்த்து, பின்பக்கத்தை விரித்து, 'வி' எழுத்துபோல வைத்தால் வேகம் குறையும் என்பது முதல் பாடம். பிள்ளை அதைக் கேட்கிற மாதிரியே தெரியாது. மூன்றாம் முறை விழுந்து எழும்போது செய்துவிடும். விழுவதற்கும் அதற்கு அதிக தூரமில்லை. தரை பக்கத்திலேயே இருக்கிறது. எடையும் கொஞ்சம். விழுந்தால் அழுவது அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே.

நாற்பத்தைந்து வயதில் அதே மேட்டில் நிற்பவருக்கு எல்லாமே தலைகீழ். பயிற்சியாளர் சொல்வதை அவர் வார்த்தை பிசகாமல் புரிந்துகொள்கிறார். "குட்னே மோடோ" என்றால் முழங்காலை மடக்கவேண்டும், உடம்பைச் சரிவை நோக்கி முன்னால் சாய்க்கவேண்டும். புத்திக்கு எட்டிவிட்டது. உடம்பு மறுக்கிறது. பள்ளத்தைப் பார்த்ததும் பின்னால் சாய்வதுதான் இத்தனை வருடம் அதைக் காப்பாற்றி வந்த பழக்கம். பின்னால் சாய்ந்தாலோ பலகை பிடியை விட்டு ஓடும். பனிச்சறுக்கில் பயந்தவர்தான் வேகமாகப் போகிறார் என்பது வேடிக்கையான விஷயம். சரிவை நோக்கித் துணிந்து சாய்கிறவருக்கே பலகை கட்டுப்படும். அவரோ விழுவதற்கு முன்பே விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆபீஸ், வீட்டுக் கடன், மாவுக்கட்டோடு விமானத்தில் திரும்பும் காட்சி எல்லாம் அந்த இருபதடிச் சரிவில் வந்து போகின்றன. போதாக்குறைக்கு, மேலிருந்து கீழே வரை வேடிக்கை பார்க்கிறவர்கள்.

எனவே பெரும்பாலான குடும்பங்கள் ஒரு சமரசத்துக்கு வந்துவிடுகின்றன. பிள்ளைகளுக்கு ஸ்கீ, அப்பாவுக்குக் கேமரா, அம்மாவுக்கு ஸ்லெட்ஜ். 'இந்த வயதில் நமக்கெதற்கு' என்ற வாக்கியம் இந்தியாவின் எல்லா மொழிகளிலும் அங்கே புழங்குகிறது. சொல்கிறவருக்குச் சில சமயம் முப்பத்தெட்டுதான் ஆகியிருக்கும். ஆல்ப்ஸ் மலையூர்களில் எழுபது வயதுப் பாட்டிகள் தனியாக லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவது சர்வசாதாரணம். அவர்கள் ஐந்து வயதில் தொடங்கியவர்கள் என்பது ஒரு பாதிக் காரணம். மறுபாதி, அங்கே யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை.

ஸ்லெட்ஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது அரையடி உயரமுள்ள மரப்பலகை. அதில் உட்காரும் பயணியைக் கயிறு கட்டி மேட்டின்மேல் ஒருவர் இழுத்துச் செல்கிறார். இறங்கும்போது முன்னால் உட்கார்ந்து குதிகாலால் பிரேக் போடுகிறார். ஃபெரன் போர்த்திய அந்த மனிதருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயதாக இருக்கலாம். வயதாகிவிட்டதென்று பனியில் நிற்க அஞ்சும் ஒருவரை, அதே வயதுள்ள இன்னொருவர் இழுத்துக்கொண்டு மேடேறுகிறார். பேரம் முடிந்து ஐம்பது ரூபாய் குறைக்கப்பட்ட பிறகு.

சமவெளிக்காரருக்கு வயது ஒரு சாக்கு. உள்ளூர்க்காரருக்கு அது வருமானக் கணக்கு. டங்மார்க்கிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பையன்கள் நடக்கப் பழகிய கையோடு பனியில் இறங்கிவிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன பழைய பலகை, அளவு சேராத பூட்ஸ், உள்ளே திணித்த கந்தல் துணி. பதினைந்து வயதில் இவர்களுடைய கால்கள் செய்வதைச் சமவெளிக்காரர் ஆயுள் முழுக்கப் பயின்றாலும் செய்யமுடியாது. பிறகு சிலர் போட்டிகளுக்குப் போகிறார்கள். பெரும்பாலோர் பயிற்சியாளராக, வழிகாட்டியாக ஆகிறார்கள். பருவம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை, மூன்று மாதத்துக்கும் குறைவு. வருடச் சம்பாத்தியத்தின் பெரும்பங்கு அதற்குள் வந்தாகவேண்டும். நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் பேச ஆரம்பிக்கிறது. தொடைத் தசையின் வலு மெல்லக் குறைகிறது. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் மறுநாள் காலை அது தெரிகிறது. அப்போது மேல்மலையை விட்டு அரிச்சுவடி மேட்டுக்கு இறங்குகிறார்கள். அதற்கும் பிறகு கடை, ஹோட்டல் வேலை, அல்லது ஸ்லெட்ஜ் கயிறு.

இந்த ஊரில் ஒரு தலைமுறைக்குக் கணக்கு இன்னும் கொடுமையாக அமைந்தது. குல்மார்க்கைச் சேர்ந்த குல் முஸ்தஃபா தேவ் 1988-ல் கனடாவின் கல்காரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் சறுக்கினார். அதே போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் இந்தியப் பெண். உலகத்தரமான ரோப்வே ஒன்றை அமைக்கும் திட்டமும் அந்தச் சமயத்தில்தான் நகர ஆரம்பித்தது. இரண்டே வருடத்தில் காஷ்மீர் பற்றி எரிந்தது. சுற்றுலா நின்றது, வெளிநாட்டுக்காரர்கள் வரவில்லை, ரோப்வே வேலையும் நின்றது. கோண்டோலா என்று அழைக்கப்படும் அதன் முதல் கட்டம் கொங்டூரி வரை ஓடியது 1998-ல். அஃபர்வாட் முகடுக்கு அருகே, சுமார் 3,950 மீட்டர்வரை போகும் இரண்டாம் கட்டம் திறந்தது 2005-ல்.

1990-ல் இருபது வயதாக இருந்த ஒரு பையனுக்கு 2005-ல் முப்பத்தைந்து. பந்தயக்காரனின் கால் இருபதிலிருந்து முப்பதுக்குள் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்ய அவனுக்கு மலை இருந்தது, பனி இருந்தது, மேலே ஏற்றிவிட லிஃப்ட் இல்லை, பார்க்க ஆளில்லை. லிஃப்ட் வந்தபோது அவன் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 'வி' எழுத்து கற்றுக்கொடுக்கும் வயதுக்கு வந்திருந்தான். விளையாட்டில் இழந்த பணத்தை மீட்கலாம், பதக்கத்தைக்கூட அடுத்த முறை பிடிக்கலாம். இருபத்தைந்து வயதை எந்த அரசாங்கமும் நிவாரணமாகக் கொடுக்கமுடியாது.

அந்தக் கொந்தளிப்பு தொடங்கிய 1990-ல் பிறந்த ஆரிஃப் கானுக்கு வேறு மாதிரி வாய்த்தது. அவருடைய அப்பா குல்மார்க்கில் ஸ்கீ சாதனக் கடை நடத்தியவர். பையன் நான்கு வயதில் பனியில் இறங்கினார். 2018 ஒலிம்பிக்ஸுக்குத் தகுதிபெற வெளிநாட்டில் தங்கிப் போட்டியிடப் பணம் போதவில்லை. நான்கு வருடம் காத்திருந்தார். பயிற்சிக்காகக் கல்யாணத்தையும் தள்ளிவைத்தார். 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் கொடியோடு நடந்த ஒரே போட்டியாளர் அவர்தான். ஜயன்ட் ஸ்லாலமில் 45-வது இடம். வயது 31.

அதே பெய்ஜிங்கில் பிரான்ஸின் ஜோஹன் கிளாரே டவுன்ஹில் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். அவருக்கு 41. ஒலிம்பிக்ஸ் ஆல்பைன் பந்தயங்களில் அந்த வயதில் அதுவரை யாரும் பதக்கம் வாங்கியதில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் பாயும் டவுன்ஹில்லில் இந்த அதிசயம் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. சட்டென்று திரும்பும் வேகத்தைவிட அதில் தடத்தைப் படிக்கும் அறிவுக்கு மதிப்பு அதிகம். எங்கே மேடு தூக்கிப்போடும், எங்கே நிழலில் பனி இறுகியிருக்கும் என்பதெல்லாம் பல வருடம் விழுந்து எழுந்து சேர்த்த சொத்து. ஆனால் இருபது வருடம் ஒருவரை அந்த நிலையில் வைத்துக் காப்பாற்ற மருத்துவரும் மசாஜ்காரரும் சம்பளமும் வேண்டும். அந்த வசதியில்லாத ஊரில் அறிவு சேரும் வயதில் கால் கைவிட்டுவிடுகிறது.

சாதாரணமாகச் சறுக்குகிறவர்களுக்கு இந்த மாற்றம் அவ்வளவு கசப்பாக இருப்பதில்லை. இளமையில் மலையை எதிர்த்துச் சறுக்கியவர்கள், பிற்பாடு அதனோடு ஒத்துப்போகப் பழகுகிறார்கள். காலையில் இறுகிக் கிடக்கும் பனி இளக ஆரம்பித்த பிறகே கிளம்புகிறார்கள். மேகம் மூடிய நாளைத் தவிர்க்கிறார்கள். வெள்ளைமேல் வெள்ளையாகத் தெரியும் அந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் பிரிவதில்லை, வயதான கண்ணுக்கு அது இன்னும் சிரமம். பத்து முறை இறங்குவதற்குப் பதில் நான்கு முறை. களைத்த பிறகு 'கடைசியாக ஒரு தடவை' என்று போவதில்லை. காலை உடைக்கிற தடவை பெரும்பாலும் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். 1990-களில் வந்த இடுப்பு சிறுத்த பலகைகளும் கைகொடுத்தன. ஆளைவிட நீளமான பழைய பலகையைத் திருப்பத் தேவைப்பட்ட பலத்தில் பாதிகூட இவற்றுக்கு வேண்டாம். பலகையைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்தால் அதுவே வளைந்துகொள்கிறது. சர்வதேசச் சம்மேளனம் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே ஐந்தைந்து வயது வகுப்புகளாகப் பந்தயங்கள் நடத்துகிறது. எண்பதைத் தாண்டியவர்களும் அதில் எண் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஜப்பானின் கெய்ஸோ மியூரா 2003-ல், தமது 99-வது வயதில், மோன் பிளாங்கின் பனியாற்றில் சறுக்கி இறங்கினார். அந்த வருடம்தான் அவருடைய மகன் யூய்சிரோ 70 வயதில் எவரெஸ்டில் ஏறினார். அந்த வீட்டில் 'இந்த வயதில் எதற்கு' என்று யார் யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்று தெரியவில்லை.

அஃபர்வாட்டுக்குப் போனால் பேச்சு விளையாட்டுத்தனத்தை விட்டுவிடுகிறது. கோண்டோலா கதவு திறந்து வெளியே வந்ததும் மூச்சு வாங்குகிறது. கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீத ஆக்ஸிஜன்தான் அங்கே. ஆல்ப்ஸைப்போலச் சீவி, கம்பு நட்டு, வண்ணம் பூசிய தடங்கள் கிடையாது. கோண்டோலாவையொட்டிய சரிவை ரோந்துக் குழு கண்காணிக்கிறது. அதற்கு இருபுறமும் விரிந்து கிடக்கும் மலை அவரவர் பொறுப்பு. ரஷ்யாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் பறந்து வருவது இந்தத் தொடப்படாத தூள்பனிக்காகத்தான். 2010 பிப்ரவரியில் பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள் பலரை இங்கே பனிப்பாளம் மூடியது. 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யப் பயணி இறந்தார். இங்கே மூன்றாம் வகை இளைஞருக்குப் பக்கத்தில் ஒரு நாற்பத்தைந்து வயது வழிகாட்டி நின்றால், அவருக்குக் கொடுக்கிற பணத்தின் பெரும்பகுதி 'இன்று அந்தப் பக்கம் வேண்டாம்' என்ற ஒரு வாக்கியத்துக்குத்தான். முந்தின இரவு எந்தப் பக்கத்துக் காற்று பனியைக் கொண்டுவந்து குவித்தது, கீழ் அடுக்கு இறுகியதா என்று அவர் ஒரு கைப்பிடி பனியைப் பார்த்துச் சொல்லுவார். இளைஞருக்கு அது கோழைத்தனமாகப் படும். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் நாளைக்கு வேறு வழிகாட்டியைத் தேடிப்போவார் என்பதும் வழிகாட்டிக்குத் தெரியும். அந்த வாக்கியத்தைச் சொல்வது ஒவ்வொரு முறையும் அவர் பையிலிருந்து போகும் காசு.

காஷ்மீரிகள் குளிர்காலத்துக்கும் வயது வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் சில்லை கலான், மூத்தது. அதற்கடுத்த இருபது நாள் சில்லை குர்த், சிறியது. கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா, குழந்தை. மூத்ததுதான் உக்கிரம், நல்ல பனி அதில்தான் விழவேண்டும். சமீப வருடங்களில் அந்த ஒழுங்கு கலைந்துவருகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்லோடு காய்ந்து கிடந்தது. மாதம் முடியும்போதுதான் பனி வந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகளைப் பிப்ரவரியில் நடத்தமுடியாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். முதல் வருடப் பையனுக்கு இது ஏமாற்றம், அவ்வளவுதான். அடுத்த வருடம் வரும். முழங்கால் இன்னும் நான்கைந்து பருவம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறவருக்கு அதில் ஒன்று பனியில்லாமலே போய்விடுகிறது.

பனி நன்றாக விழுந்த வருடங்களில், மாலை நான்கு மணிக்கு மேல், வாடகை ஸ்கீக்கள் கடைக்குத் திரும்பி வரிசையாகச் சாத்தப்பட்ட பிறகு, டங்மார்க் பக்கத்து ஆட்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். பயணிகளின் வண்டிகள் சங்கிலிச் சத்தத்தோடு நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். இவர்கள் பாபாரேஷி தர்காவை நோக்கி இறங்கும் காட்டுவழியில் நுழைகிறார்கள். மரங்கள் நெருக்கமாக நிற்கும் வழி அது. பகலெல்லாம் முதுகை வளைத்து மற்றவர்களின் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திய மனிதர், கோல்களைக்கூட அதிகம் ஊன்றாமல், இரண்டு மரத்துக்கு ஒரு வளைவாகக் கீழே போய்க்கொண்டிருப்பார். பின்னால் வரும் பையன்கள் கூச்சலோடு அவரை முந்திக்கொண்டு பாய்வார்கள், சிலர் விழுவார்கள். அவர் நிற்பதில்லை. ஷேர் சுமோவுக்குக் கொடுக்கவேண்டிய காசு மிச்சம். இருட்டுவதற்குள் வீட்டில் காங்கிரி பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குச் சூடு காட்டலாம்.